முப்பத்தொன்றரை

ஒன்பதாம் சுற்றில் அவன் சாய்ந்தபோது
நான் பார்த்தது முகத்தை அல்ல.
இடுப்புப் பட்டியில் நான் போட்ட தையல்
விட்டுப்போகிறதா என்று.
விடவில்லை.

மறுநாள் புக்கோம் முழுக்க மருத்துவர்கள்.
அடோலேயின் கெங்கே அடுப்பைச் சுற்றி நின்று
உருண்டையைப் பிட்டு மிளகாய்த் தொக்கில் புரட்டியபடி
அயிக்வேயின் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள்.
தின்று கொழுத்துவிட்டான்.
கிழக்கு லெகோனில் மாடிவீடு கட்டினானே, அன்றே முடிந்தது.
விடியுமுன் கடல்மணலில் ஓடியவன்
இப்போது ட்ரெட்மில்லில் நின்றுகொண்டு போன் பேசுகிறானாம்.
வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்:
ஆறாம் சுற்றிலேயே வாயால் மூச்சு விட்டான்.
நான் மீன் பிடிக்கிறவன்,
வாயைப் பிளக்கிற உயிர் எங்கே போய்ச் சேரும்
என்று எனக்குத் தெரியாதா?
எல்லோரும் சிரித்தார்கள்.
பொத்தான் வாங்கப் போன நானும்தான்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
அயிக்வேயின் பதினொரு சண்டைகள், பதினொரு இடுப்பளவுகள்.
முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு.
காசில்லாமல் திரைச்சீலைத் துணியில் தைத்த
முதல் டவுசருக்கும் அதுதான்.
பட்டம் வென்ற இரவின் பொன்னிற சாட்டினுக்கும் அதுதான்.
கடைசி வரியில் மட்டும் முப்பத்தொன்றரை.

கொழுத்தவனுக்கு இடுப்பு குறையுமா?

அளவெடுத்தது வியாழக்கிழமை. ஹர்மட்டான் புழுதி.
உதடு வெடித்திருந்தது அவனுக்கு.
தண்ணீர் நீட்டினேன்.
கொப்பளித்து வாசலில் துப்பினான், ஒரு சொட்டு விழுங்கவில்லை.
சருகின் மேல் போவதுபோல்
நாடா அவன் தோலில் சரசரத்தது.
எனக்கும் உன் மிஷினுக்கும் ஒரே வயது,
யார் முதலில் ஓய்கிறோம் பார்ப்போம் என்று
எப்போதும் வம்பிழுக்கிறவன்
அன்று தெருவையே பார்த்து நின்றான்.
திடீரென்று கேட்டான்:
பள்ளிச் சீருடை ஒன்றுக்கு எவ்வளவு துணி பிடிக்கும்?
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
என் உதட்டிடுக்கில் குண்டூசிகள்.

அடுப்பருகே இதைச் சொல்லியிருக்கலாம்.
தின்று கெட்டவனில்லை, தின்னாமல் கெட்டவன் என்று.
சொன்னால் அடுத்த கேள்வி வரும்:
தெரிந்துமா எலாஸ்டிக்கை உள்ளே பிடித்துத் தைத்தாய்?
ஆமாம். அரை அங்குலம்.
வெளியே தெரியாமல் பிடிப்பதுதான் என் தொழில்.

ஆனால் ராத்திரி கண்ணை மூடினால்
அயிக்வே வருவதில்லை.
விண்ட்ஹூக்கிலிருந்து வந்தவனின் டவுசர் வருகிறது.
நீலம். தொடைப் பக்கம் கிழிந்து
கறுப்பு நூலால் கைத்தையல் போட்டது.
தையல் தெரியாத கை, ஒவ்வொன்றும் ஒரு நீளம்.
அவனே போட்டிருப்பான், பஸ்ஸிலோ எங்கோ உட்கார்ந்து.
ஒலிபெருக்கி இரண்டு முறை சொன்னது அவன் பெயரை: ஷிக்கோங்கோ.
புக்கோமில் அதை இன்னும் ஒரு வாயும் சொல்லவில்லை.
ஏழாம் சுற்றிலிருந்து அவன் இடக்கை
அயிக்வேயின் ஒரே விலா எலும்பில்
போய்ப் போய் இறங்கியது,
மிஷின் ஊசி மாதிரி,
கோபமே இல்லாமல்.
நம் ஆள் தோற்றால் அதற்கும்
நம் ஆளே காரணமாக இருக்கவேண்டும் இவர்களுக்கு.

செவ்வாய்க்கிழமை அயிக்வே வந்தான்.
ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.
டவுசரை என் மேசைமேல் வைத்தான்.
துவைத்தும் போகாத பழுப்பு.

எடை பார்த்த பிறகு நிறைய குடித்தேன், டெடெய்.
சோறும் தின்றேன்.
ஆறாம் சுற்றில் இது வயிற்றைக் கவ்விப் பிடித்தது.
மூச்சு உள்ளே போகவில்லை.

குற்றம் சொல்கிற குரலில்லை அது.
தொலைத்த சாவியை
அடுத்த வீட்டிலும் ஒரு தடவை தேடிப் பார்க்கிறவன் குரல்.

அரை அங்குலத்துக்கு ஒரு பட்டம் போகுமா?
போகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
இந்தத் தடவை குண்டூசி இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.
நாடாவை உருவினேன்.
கைகளைத் தூக்கினான்,
அன்றிரவு தூக்கியிருக்க வேண்டிய உயரத்துக்கு.

முப்பத்திரண்டு.

நோட்டு திறந்தேதான் கிடந்தது.