ஐந்து மணிக்குப் பிறகு

ஸ்ப்ளிட் நீதிமன்றம் எழுதியது எல்லோருக்கும் தெரியும்,
எங்கள் லாஸ்தவோ தீவு அவ்வளவு சின்னது:
ஒரு சனி விட்டு ஒரு சனி,
பதினொன்று முதல் ஐந்து வரை,
தகப்பனுக்குப் பிள்ளை.

காற்றைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.
தெற்கிலிருந்து யூகோக் காற்று எழுந்த அன்று
கப்பல் கிளம்பாது என்று ஒலிபெருக்கி சொன்னபோது
மணி ஐந்தேகால்.
ஃபிரானே பிள்ளையை ஒப்படைத்து முடித்திருந்தார்.
போக வழியில்லை. இருக்க உரிமையில்லை.

என் ரொட்டிக்கடையில்தான் ஒதுங்கினார்,
நனைந்த கோட்டோடு.
காப்பிக்கு நான் காசு வாங்கவில்லை;
அதை அவர் கவனிக்கவுமில்லை.

ஆறு மணிக்குக் கதவுச் சலங்கை குலுங்கியது.
மிரேலா. பின்னால் டுன்யா,
காலையில் அவர் வாங்கித் தந்த மஞ்சள் மழைத்தொப்பியில்.
ஆறு வயது.
அப்பாவைப் பார்த்தாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
மணி பார்க்கப் பள்ளியில் இன்னும் சொல்லித்தரவில்லை,
வேறெங்கோ கற்றிருக்கிறாள்.
பிறகு, முன்பின் தெரியாத ஆளைக் கடப்பது போல,
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அத்திப்பழ ரொட்டிகளை
மும்முரமாக எண்ணத் தொடங்கினாள்.

ஃபிரானே கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.
அது காலியாகி வெகுநேரம்.

"ரெண்டு ரொட்டி" என்றாள் மிரேலா.
எடுத்து வைத்தேன்.
"பர்ஸை வீட்லயே விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வரேன்,
இவ இங்கேயே நிக்கட்டும்."

பர்ஸ் அவள் கையில்தான் இருந்தது.
வீடு மேட்டில்; ஏறி இறங்க அரைமணி.
இந்த மழையில் கூடவே ஆகலாம்.

ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு
அடுப்பறைக்குப் போனேன்.
நாளைக்கு யாராவது கேட்டால்
எனக்கு எதுவும் கேட்கவில்லை.