மாடிச் சாவி

சாவியை இரவு பத்துக்குத்தான் தருவார் பாவ்ஸ்கர்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு.
ஆண்டாப் ஹில், எட்டாவது மாடிக்கும் மேலே
மூன்று தண்ணீர்த் தொட்டி, கேபிள் சுருள்கள்,
யாரோ காயவைத்து மறந்த மிளகாய்.
நடுவில் என் முக்காலி.
புனேக்காரர் ஒருவரிடம் தவணையில் வாங்கியது.
வடக்கைக் காட்டி நிறுத்திவிட்டால்
வானத்தோடு சேர்ந்து சுழலும்,
கொஞ்சம் திக்கித் திக்கி.

இன்றைக்கு மிதுனத்தின் கால்மாட்டில் ஒரு சொறிமீன்.
மழைக்காலத்தில் ஜுஹு கரையில் ஒதுங்குமே,
மிதித்தால் கொப்புளிக்குமே, அதே உருவம்.
வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம்.
வயது மூவாயிரம் என்கிறார்கள், முப்பதாயிரம் என்கிறார்கள்.
எனக்குச் சிரிப்புத்தான் வரும்.
பரேலில் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர்
"அறுபது இருக்கும், போட்டுக்கோம்மா" என்பவர்கள்தான்.

வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
வடாலா பக்கம் வானம் ஆறிப்போன டீயின் நிறம்.
வடிகட்டியில் ஏழு நானோமீட்டர் இடுக்கு,
ஹைட்ரஜனின் சிவப்புக்கு மட்டும் அனுமதி.
ஊர் விளக்கெல்லாம் வெளியே நின்று தட்டட்டும்.
கேமராவுக்குள் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி.
எனக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

மூன்று நிமிடத்துக்கு ஒரு படம்.
பகலெல்லாம் அடுத்தவருக்குச் சொல்வதை
இங்கே எனக்கே சொல்லிக்கொள்கிறேன்:
மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.

பத்தொன்பதாவது படத்தில் விமானம்.
நாற்பத்தொன்றில் கீழே மோட்டார் போட்டுவிட்டார்கள்,
நட்சத்திரமெல்லாம் எண்ணெயில் கடுகாய்த் துள்ளியிருக்கிறது.
நாற்பத்திரண்டு பரவாயில்லை.
திருவாதிரை மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது,
இன்னும் வெடிக்காமல்.

ஒன்றரை மணிக்குப் படிக்கட்டு விளக்கு பளீரென்றது.
பாவ்ஸ்கர். பைஜாமா, குரங்குக் குல்லாய்.
ஐந்தாவது மாடியிலிருந்து புகாராம்:
அந்தப் பொம்பளை பீரங்கி மாதிரி எதையோ வைத்துக்கொண்டு
எதிர்க் கட்டடத்துக் குளியலறையைப் பார்க்கிறாள்.
"எதைத்தான் எடுக்கிறீர்கள், ஜெபக்கனி?"

ஒற்றைப் படத்தைக் காட்டினேன். சாம்பல் மணல்.
"ஒன்றுமில்லையே."
இல்லைதான்.
நாற்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
கறுப்பைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தேன்.
வந்தது,
குடையின் விளிம்பு போல ஒரு வளைவு,
பின்னால் நூல் நூலாக.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"செத்த பிறகும் பரவிக்கொண்டே இருக்கிறதா?"
"ஆமாம்."
"எவ்வளவு நாளைக்கு?"
மெலிந்து மெலிந்து
சுற்றியிருப்பதோடு கலக்கும்வரை, என்றேன்.

போன அக்டோபரில் அவர் மனைவியின் நெஞ்சை
நான்தான் படமெடுத்தேன்.
மூச்சைப் பிடிக்க முடியாமல் மூன்று தடவை.
திரையில் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.
"டாக்டர் சொல்வார்" என்றேன், கதவருகே நின்றவரிடம்.
அந்த அம்மாள் வளையல்களைத் திரும்ப மாட்டிக்கொள்ள
வெகுநேரம் ஆனது.

அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு
மோட்டாரை நிறுத்தப் போனார்.
போகும்போது படிக்கட்டு விளக்கை
அவரே அணைத்தார்.

மூன்றரைக்கு மூடியைப் போட்டு இருட்டை எடுத்தேன்.
இருபது படம், வெறும் இருட்டு.
வெளிச்சமே இல்லாதபோதும்
கேமரா தனக்குள் முணுமுணுக்கும்;
அதைப் பதிந்துவைத்துப் பிறகு கழிக்க வேண்டும்.
விடிந்ததும் குழாயின் வாயில்
வெள்ளைப் பனியனை இழுத்துக் கட்டி
வெளிறிய வானத்தை எடுத்தேன். அது தூசிக்கான படம்.

இறங்கி வந்தால் அறிவிப்புப் பலகையில் புதுத் தாள்:
இரவு பதினொன்றுக்கு மேல் மாடிக்குத் தடை.
கீழே பாவ்ஸ்கரின் கையெழுத்து.
சாவியை நீட்டினேன்.
"ராத்திரி திரும்ப வாங்கத்தானே போகிறீர்கள்" என்று
செய்தித்தாளைப் புரட்டினார்.

துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த எட்வின்
குளித்துவிட்டு அலமாரியைத் துழாவுகிறான்.
"கனி, என் பனியன் எங்கே?"
பையைக் காட்டினேன்.
ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கோ.