பாதிப் பிழை

மூக்கையூரில் நண்டு ஏற்றிக்கொண்டு
விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பும்போது
கருவேலங்காட்டில் வண்டித்தடம் ஏழாகப் பிரிந்தது.
ஏழும் ஒரே மணல்.
போனில் நீலப் புள்ளியாக
நான் கடலுக்குள் நின்றேன்.
போன வாரம் அரிச்சல்முனையில்
இதே போன்தான்
இலங்கைக்கு நல்வரவு சொன்னது.

விடிந்தபோது வாலிநோக்கம் உப்பளம்.
ஐஸ் கரைந்திருந்தது.
நாற்பது கிலோ.
கம்பெனிக்காரன் மூடியைத் திறந்தான், முகர்ந்தான்,
ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

மண்டபத்தில் இபுராம்சா கடை.
நங்கூரம், நைலான் கயிறு, மிதவைகளுக்கு நடுவே
கண்ணாடிப் பெட்டியில்
நாலு வடக்கு இருந்தது.

சாவிக்கொத்தில் தொங்கும் பொட்டளவு வடக்கு,
தட்டினால்தான் அசையும்.
பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குள்
பச்சை எழுத்தாக எரிவது ஒன்று;
வடக்கு என்று சொல்லும்,
எவ்வளவு வடக்கு என்று சொல்லாது.
பித்தளையில் ஒன்று, விசைப்படகுக்கு.
அதை ஆம்னியில் வைத்தால் நான் நடந்து வரவேண்டும்.
நாலாவது எலுமிச்சை அளவு உருண்டை,
எண்ணெயில் மிதக்கும் எண்கள்.

இபுராம்சா அதைச் சாய்த்தார், உலுக்கினார்.
கொஞ்சம் திணறி
விட்ட இடத்துக்கே வந்து நின்றது.
"குமிழி இருக்கான்னு பாத்துக்கங்க.
இருந்தா அது காம்பஸ் இல்ல, கோலி சோடா."

வண்டியில் ஒட்டினேன்.
வடகடலைப் பார்த்து மேற்கு என்றது.
வண்டியைத் திருப்பினேன்.
மேற்கும் கூடவே திரும்பியது.

டாஷ்போர்டில் அந்தோணியார்.
பிரிசில்லா உவரியில் வாங்கியது.
அடியில் காந்தம்.
தொலைந்ததைத் தேடித் தருகிறவர்
என் வடக்கைத் தொலைத்துக்கொண்டு
குழந்தையோடு நின்றார்.

"அவர நகத்துனா நான் இந்த வண்டில ஏற மாட்டேன்."
காம்பஸை நகர்த்தினேன்.
ஸ்பீக்கர் இழுத்தது.
இன்னும் தள்ளினேன், வைப்பர் மோட்டார்.
மூன்றாம் நாள் அவளே
பிளேடால் காந்தத்தைப் பெயர்த்து
சுரூபத்தை டேப்பில் நிறுத்தினாள்.
காந்தம் இப்போது பிரிட்ஜில்
கரண்ட் பில்லைப் பிடித்திருக்கிறது.

மீதி, வண்டி இரும்பின் இழுப்பு.
அதற்கு இரண்டு திருகாணி.
இரும்புத் திருப்புளி ஆகாது,
பித்தளை வேண்டும்.
நிலா இல்லாத இரவில் உப்பளத்துக்குப் போனோம்.

துருவ நட்சத்திரம் இந்தக் கரையில்
பனந்தலைக்கு மேலே ஒரு சாண்தான் ஏறும்,
அதுவும் மேகம் விட்டால்.
அதற்கு நேரே வண்டியை நிறுத்தி
முழுப் பிழையையும் திருகி எடுக்கவேண்டும்.
பிறகு தெற்கே திருப்பி
பாதியை மட்டும்.
மீதிப் பாதியைத் தொடக்கூடாது.
தொட்டால் வடக்கு கெட்டுவிடும்.
கிழக்குக்கும் மேற்குக்கும் இதே கணக்கு.

கை பரபரத்தது எனக்கு.
"விடுங்க" என்றாள்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே.

பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி
அந்தோணியார் காலடியில் ஒட்டினாள்:
தெற்கே போனா ஆறு கழி.
மேற்கே போனா நாலு கூட்டு.
கிழக்கே வீடு. அப்படியே நம்பு.

நேற்று மறுபடி அந்த ஏழு தடம்.
கச்சான் காற்று கண்ணாடியில் மணலை அடித்தது.
உருண்டையைப் பார்த்தேன், பிளாஸ்திரியைப் பார்த்தேன்,
மூன்றாவது தடத்தில் விட்டேன்.
பின்னால் பெட்டிக்குள்
நண்டுகள் எல்லாத் திசையிலும் சுரண்டிக்கொண்டிருந்தன.