பதினேழாம் கிணற்றின் எடை

ஒரே ஒரு மோட்டார்.
சக்கரத்தைக் கொஞ்சதூரம் போகச் சொல்லும்,
பிறகு வேண்டாம், திரும்பி வா என்னும்.
அவ்வளவுதான் எங்கள் தொழில்.
மீதியை மரத்தண்டுகள் பார்த்துக்கொள்ளும்.
கொக்கிகளில் தொங்கியபடி
சோயா வயலுக்குள், ஓடைக்கு மேலே, ஆட்டுக்கொட்டிலைச் சுற்றி
முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம்.
ஒன்டாரியோவின் இந்த மூலையில்
நாற்பத்தொரு கிணறுகள்
அந்த ஒரே இழுப்புக்குத் தலையாட்டுகின்றன.

விருந்தாளிகள் இந்தக் கிறீச்சில் தூக்கம் வரவில்லை என்பார்கள்.
எனக்கு அது நின்றால்தான் விழிப்பு வரும்.

பிப்ரவரியில் ஒருநாள் விடியலுக்கு முன் நின்றது.
தலையில் விளக்கு, கோட்டுப்பையில் ஸ்பானர்,
பனியில் தண்டைத் தடவித் தடவி நடந்தேன்.
பதினேழுக்குப் பிரியும் இடத்தில்
ஆணி முறிந்து கிடந்தது.

பதினேழு, அப்பா உயிலில் எல்டனுக்கு எழுதியது.
அவன் ஆல்பர்ட்டாவில் வீடு உயர லாரி ஓட்டுகிறான்.
எங்கள் ஒரு வருஷ எண்ணெய்
அவர்களுக்கு ஒரு மத்தியானம்.
பதினேழில் ஆறு வருஷமாக வெறும் உப்புத்தண்ணீர்.
ஆனாலும் மூன்று மாதத்துக்கொரு முறை
அவனுக்குக் காசோலை போகும்:
முந்நூற்றுச் சொச்சம் டாலர், கொஞ்சம் சில்லறை.
சில்லறையை ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுதுவேன்,
நிஜம்போல இருக்கட்டும் என்று.

ஆணி முறிந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.
"மூடிவிடு வெர்னா" என்றான்.
"அதில் தண்ணீர்தான் என்று லாய்டு எப்போதோ சொல்லிவிட்டான்."
பிறகு ஏன் வாங்கினாய்?
"நீ அனுப்பினாயே."

மூடலாம்.
ஆனால் பதினேழு இறங்குகிற பாரத்தில்தான்
எதிர்ப்பக்கம் ஒன்பது ஏறுகிறது.
வீட்டுவரி கட்டுவது ஒன்பது.
இந்தப் பக்கம் கனம் போய்விட்டால்
மோட்டார் மூச்சுவாங்கும், பட்டை அறுந்து பறக்கும்.

மகள் ஃப்ரீடாவும் நானும்
முக்காலிக் கம்பத்தில் கப்பி மாட்டி
முந்நூற்று எழுபது அடி உள்தண்டையும்
துண்டுதுண்டாக மேலே எடுத்தோம்.
அதே கொக்கியில் ஒரு மரப்பெட்டி.
வயல் கற்களை ஒவ்வொன்றாகப் போட்டேன்.
ஒன்பதின் அருகில் நின்று அவள் கத்தினாள்:
இன்னும். இன்னும். கொஞ்சம்.
பெரிய கல் தீர்ந்துபோய்
கொட்டகையிலிருந்து
எல்டன் விட்டுப்போன கர்லிங் கல்லைத்
தூக்கி வந்து வைத்தேன், சிவப்புக் கைப்பிடியோடு.
போதும் என்றாள்.

இப்போது அந்தக் கைப்பிடி
பெட்டி விளிம்புக்குமேல் தெரிந்தபடி
ஏறி இறங்குகிறது, நாள் முழுக்க.

மார்ச் கடைசியில் காசோலை எழுதினேன்.
எதற்காக என்கிற கோட்டில்: கல் வாடகை.
இந்தமுறை சில்லறை சேர்க்கவில்லை.