பதினோராவது வளையம்

புயல் சாய்த்தது வேலி மரத்தை.
வேர் என் நிலத்தில், தலை கிளெமெண்ட் ரேடரின் நிலத்தில்.
ஓசேஜ் மரம். மிசூரிக் கரையில் நாங்கள்
வெறுமனே வேலி என்போம்.
முள்ளும், மூளை போலச் சுருங்கிய காயும்.
மாடுகூட மதிக்காத காய்.

பதினோரு வருடம் பேசாதவர்கள்
ஒரு அடிமரத்தை எப்படிப் பங்கு போடுவது?
அவர் ரம்பம் கொண்டுவந்தார், நான் ஆப்பு.
சம்மட்டி விழ விழ
மரமே முடிவு சொன்னது: நேர் பாதி.
உள்ளே முட்டைக்கரு மஞ்சள்.
"நன்றி" என்றது யார் குரல் என்று இன்றும் தெரியாது.

வெட்டுவாயில் மெழுகு பூசி
கொட்டகை உத்தரத்தில் நாலு வருடம் கிடத்தினேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
வலது முழங்காலை மாற்றிக்கொண்டேன்.
இந்த ஜனவரியில் இறக்கினேன்.

பட்டை போனது.
இருகைக் கத்தியை நெஞ்சுக்கு நேரே இழுக்க இழுக்க
வருடங்கள் சுருண்டு விழுந்தன காலடியில்.
வில்லின் முதுகு ஒரே வருடமாக இருக்க வேண்டும்,
நுனி முதல் நுனி வரை.
அடுத்த வருடத்தை எங்கே கீறினாலும்
அங்கேதான் உடையும்.

காதால் செய்கிற வேலை.
கோடையில் வளர்ந்தது பேசாமல் உரியும்.
வசந்தத்தில் வளர்ந்தது நறநறக்கும், ரஸ்க் கடிப்பதுபோல.
நறநறத்தால் ஒரு வருடம் தீரப்போகிறது,
அதன் அடியில் முந்தைய கோடை.

வெளிறோடு சேர்த்து எண்ணினேன்.
மழை பொய்த்த வருடங்கள், தாள் கனம்கூட இல்லை.
கிரெட்டா டென்வருக்குப் போன வருடம்
நகத்துக்கே வந்துவிட்டது.
வாலஸ் இறந்த வருடத்தில் ஒரு சின்னக் கணு;
அதைச் சுற்றிக் கத்தி
தூங்குகிறவரைத் தாண்டுவதுபோல் போனது.
பத்து.

பதினொன்று தடிமன்.
சுண்டுவிரல் நக அகலம், கொம்பு போல் இறுக்கம்.
வில்லாகப் போகும் வளையம் இதுதான்.
கணக்குப் போடத் தேவையில்லை.

ஆறு எழுந்து வந்த ஜூலை.
கிளெமெண்ட் இரவோடிரவாகத்
தன் கரையை மட்டும் மூன்று மூட்டை உயர்த்தினார்.
தண்ணீருக்கு வழி சொல்லவா வேண்டும்?
எங்கள் குளிர்பெட்டி வால்நட் மரக் கவட்டையில் உட்கார்ந்திருந்தது.
வாலஸ் ஆற்றுப்பக்க ஜன்னலைப் பலகையால் அடைத்தவர்
சாகும்வரை திறக்கவில்லை.
நாங்கள் மூழ்கிய கோடையில்
மேட்டில் நின்ற இந்த மரம்
வயிறாரக் குடித்திருக்கிறது.

கத்தியை வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.
மறுநாள் அதையே முதுகாக்கினேன்.

இனி முதுகைத் தொடக் கூடாது.
குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கம்.
மனிதர்களிடம் எப்படியோ,
வில்லில் முதுகில் குத்தினால் மன்னிப்பு இல்லை;
வயிற்றில் அடிக்கலாம், அளவோடு.

சுவரில் மாட்டிக் கப்பிக் கயிற்றை இழுத்து
பத்தடி தள்ளி நின்று பார்ப்பேன்.
மேல்கை விறைப்பு. சுரண்டு. முப்பது முறை இழு.
இப்போது கீழ்க்கை முரண்டு.
இப்படியே மார்ச் வந்தது,
நாற்பத்திரண்டு பவுண்டு வந்தது.
இன்னும் கொஞ்சம் என்றது கை.
மரம் எங்கோ 'டிக்' என்றது.
நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு மதியம் வேலியோரம், இப்போது வெறும் கம்பி,
கிளெமெண்ட் நின்றிருந்தார்.
கையில் அவர் பாதி, கிட்டத்தட்ட வில்.
கை நீட்டினேன், கொடுத்தார்.
நுனி வெட்டைப் பார்த்தேன், பழக்க தோஷம்.
என் தடித்த வளையத்துக்கு அடியில்
மெலிந்த கோடுகள் இரண்டு உண்டு.
அவர் வில்லின் முதுகு அந்தக் கோட்டில் தொடங்கியது.
தடித்ததை முழுக்க
நுனி முதல் நுனி வரை
சீவி எடுத்திருந்தார்.

கை தவறியதா என்று நான் கேட்கவில்லை.
ஆறடி நீளத்துக்கு யாருக்கும் கை தவறாது.

என் வில்லின் முதுகைக் கட்டைவிரலால்
நெடுநேரம் தடவினார்.
"நல்ல வளையம்."
"ஆமாம். நிறையத் தண்ணீர்."

நாணுக்கு நூல் இருக்கிறதா என்றார்.
மெழுகிட்ட லினன், அரைச் சுருள் மிச்சம்.
கம்பிக்கு மேலே நீட்டினேன்.
"உங்களுடையது உடையும்" என்றேன்.
"தெரியும்" என்று வாங்கிக்கொண்டார்.