கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம்

ஐம்பத்தைந்து கிலோ. நூற்றுப்பத்து மில்லிகிராம்.
மருந்தை இழுத்துக் கொடுப்பவள் நான்,
ஏற்றுவது டாக்டர் நஸ்ரீன்.
திம்மராயன், வேப்பனப்பள்ளி, வயது முப்பத்தொன்பது,
குவாரியில் துளை போடுகிறவர்.
கல் சரிந்து இடது முன்கை மடிந்திருந்தது.
எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது,
வெளியே என்ன சத்தம் என்று கேட்க வந்ததுபோல.

கெட்டமின் ஏறினால் கண் மூடாது.
திறந்தபடி இடமும் வலமும் மெல்ல ஆடும்,
ஆளில்லாத வீட்டில் மின்விசிறி ஓடுகிற மாதிரி.
வலி போய்விடும். ஆளும் போய்விடுவார்.
எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை.
ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, நாடி நூற்றுப்பத்து,
அது போதும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு.

கையை நேராக்கிக் கட்டுப் போட்டபின்
பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேச ஆரம்பித்தார்.
"மேல யாரு? மெதுவா நடங்க."
வெகுநேரம் ஒன்றுமில்லை.
"பூரான் ஒண்ணு எம்மேல ஏறி முந்நூறு வருசமாச்சு,
இன்னும் அந்தப் பக்கம் போய்ச் சேரல."
வார்டு பையன் சிரித்தான். நானும்தான்.
"மழைன்னா தனித்தனி மழை இல்ல.
ஒரே மழை. நடுவுல நடுவுல வெயில்."

நினைவு திரும்புகிறதா என்று பார்க்க
டாக்டர் குனிந்து கேட்டார்:
அங்கே மனுசங்க யாராவது இருக்காங்களா?
யோசித்தார். நெற்றி சுருங்கியது.
"இப்பதான், கொஞ்சம் முன்னால,
ஓரமா ஒரு அரிப்பு.
அதுவா?"

கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
விழிக்கையில் பிதற்றல். பயமில்லை.

டீ குடிக்கும்போது டாக்டர் விளக்கினார்.
மருந்து உடம்புக்கும் மூளைக்கும் நடுவே கதவைச் சாத்துகிறது,
உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட மூளை
சுவரில் படம் வரைகிறது, அவ்வளவுதான்.
சரியாகத்தான் இருக்கும்.
நான்கு வருடத்தில் எத்தனையோ பேருக்கு இழுத்துக் கொடுத்திருக்கிறேன்.
சாமியைப் பார்த்தவர்கள் உண்டு,
செத்துப்போன அப்பாவை,
ஒரு பையன் விற்றுவிட்ட ஸ்கூட்டரை.
தான் உடைக்கிற பொருளாகவே ஆகிவிட்டு வந்தவர்
இவர் ஒருத்தர்தான்.

முழுதாகத் தெளிந்ததும்
ஸ்ட்ரெச்சரிலிருந்து நல்ல கையைத் தொங்கவிட்டுத்
தரையைத் தொட்டார்.
"இது எந்த ஊர்க் கல்லு?"
எனக்குத் தெரியவில்லை.
டெண்டரில் வந்தது என்றேன்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டு பிரிக்க வந்தார்.
கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோ போல.
திரும்பக் குவாரிக்கா என்று கேட்டேன்.
"பின்ன? வட்டிக்காரனுக்கு இதச் சொல்ல முடியுமா?"
எதை என்று இருவருமே சொல்லவில்லை.
பில்லைத் தேடுகிற சாக்கில் கொஞ்சம் நின்றார்.
"மிஷினு வைக்கறதுக்கு முன்ன
வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கிறம்மா.
மேஸ்திரி திட்டறான். அதுக்குக் கேக்குமான்னு எனக்கும் தெரியாது.
அங்க இருந்தப்ப
எங்கிட்ட யாரும் சொல்லல, அதான்."

அன்று இரவு டியூட்டியில் போனில் தேடினேன்.
இந்தப் பக்கத்துப் பாறைக்கு
இருநூற்றைம்பது கோடி வருடம் என்றது.
பூஜ்யங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பைக்கில் மோதிக்கொண்ட இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள்,
எண்ணிக்கை விட்டுப்போனது.

எங்கள் வீட்டுச் சமையல் மேடை கருங்கல்.
தவணையில் போட்டது, பளபளப்பானது.
ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன்.
குளிர்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை.
ஃப்ரிட்ஜ்தான் உறுமிக்கொண்டிருந்தது.

ஆனாலும் இப்போதெல்லாம்
கொதிக்கிற பாத்திரத்தை அதன்மேல் நேராக இறக்குவதில்லை,
ஒரு துணியை மடித்துப் போடுகிறேன்.
கணவர் கேட்டால்
கறை படியும் என்கிறேன்.