மேற்கே ஹெவ்ரில் வரை

பத்திரத்தில் இருந்தது இப்படி:
வடக்கே கடல்,
கிழக்கே கரியோடை,
தெற்கே ஆண்ட்ரூ மூவட் கட்டிய கற்சுவர்,
மேற்கே ஹெவ்ரில் வரை.
இந்த நான்கெல்லைக்குள் உட்பட்ட புல்
யாருக்குப் பாத்தியம் என்று அளந்து சொல்ல
யெல் தீவுக்குப் படகேறிப் போனேன்
முக்காலி, தூரமானி, மூன்று ஜோடிக் காலுறையோடு.

கடல் இருந்தது.
ஓடை இருந்தது, கொஞ்சம் இடம் மாறி.
பாதி சரிந்திருந்தாலும் சுவர் சுவர்தான்.
ஹெவ்ரிலை மட்டும் காணோம்.

கல்லா, பள்ளமா,
ஆடுகள் இறங்கித் தேய்ந்த தடமா,
ஏதாவது பறவை வருடா வருடம்
முட்டையிட்ட இடமா.
அந்தப் பாஷை பேசியவர்கள்
சர்ச்சுக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள்,
இருநூறு வருடமாய்.
காற்று அவர்கள் பெயர்களையே
கல்லில் பாதிதான் விட்டு வைத்திருக்கிறது.

சதுப்புக்கு அந்தப் பக்கம்தான் ஹெவ்ரில்
என்றாள் தொமசினா ஹால்க்ரோ.
இந்தப் பக்கம் என்றான் கிடியன் இஸ்பிஸ்டர்.
இரண்டு பக்கத்துக்கும் நடுவே
நாற்பது ஆடு மேயும் அகலம்.
செத்த சொல் என்கிறார்கள்.
நாற்பது ஆட்டை முளையடித்துக் கட்டி வைத்திருந்தது அது,
இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்திருந்தது,
ஒரு கல்யாணம் நின்று போயிருந்தது.

லெர்விக்கில் விசாரணை.
மொழி அறிஞர் ஒருவர் கப்பலில் வந்தார்,
வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி.
நார்வேயில் இதற்கு ஒன்றுவிட்ட தங்கை இருக்கலாம்,
அவளுக்கு ‘விளிம்பு’ என்று பொருள் என்றார்.
இல்லையேல் எழுதியவரின் பிழையாகவும் இருக்கலாம்,
மசி வழுக்கிய ஒரு சாதாரண ‘மேடு’.
எதையும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை என்றார்.
அதற்கான கட்டணத்தை அறுதியிட்டு எழுதியிருந்தார்.

அந்தச் சொல் எழுதப்படவே இல்லை
என்று பாவிக்க வேண்டும் என்றது தீர்ப்பு.
எழுதியிருந்ததை விரலால் தொட்டுக்கொண்டுதான்
நீதிபதி அதை வாசித்தார்.
ஆளுக்கு இருபது ஆட்டின் புல்.
நான்தான் நடுவே முளை அடித்தேன்.

அடுத்த சித்திரையில்
சாய்ந்த முளைகளை நிமிர்த்தப் போனபோது
படகில் கையுறை தேடிக்கொண்டிருந்த பையன்
‘ஹெவ்ரிலுக்குப் போயிருக்கும்’ என்று கைவிட்டான்.
கடையில் பன்னிரண்டு பென்ஸ் குறைந்தது.
‘ஹெவ்ரில் கணக்கில் எழுது’ என்றாள் கிடியனின் மகள்.
பள்ளிக்கூடத் தரையில் சுண்ணக்கோடு,
அதற்குள் நிற்பவனை யாரும் தொடக்கூடாது,
கோட்டுக்குப் பெயர் கேட்காமலே தெரிந்துவிட்டது.
உன்னதும் இல்லை, என்னதும் இல்லை,
எங்கே என்று கேட்காதே:
இத்தனையும் இப்போது அந்த மூன்றெழுத்து ஒலிக்குள்.

திரும்பி வந்ததா, அல்லது
கரையில் கிடந்த காலிச் சங்குக்குள்
துறவி நண்டு குடியேறியதா?
சங்கு நடக்கிறது என்று
தூரத்திலிருந்து பார்ப்பவர் சொல்வார்.
சங்கைச் செய்த உயிரைக் கேட்க வழியில்லை.
நான் அளவைக்காரன்,
இதற்கு என்னிடம் கருவி கிடையாது.

வரைபடத்தில் அந்த இடத்தை
வெறுமையாய் விட்டிருந்தேன்.
புதிய பதிப்பில் பெயர் போடச் சொல்லி
தீவிலிருந்து மனு வந்திருக்கிறது,
பதினேழு கையெழுத்து,
முதலில் தொமசினா, அதற்கடியில் கிடியன்.

மேஜையில் இரண்டு மாதமாய் இருக்கிறது.
போட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை.
ஆனால் அந்தச் சதுப்பில் எங்கோ
உண்மையான ஹெவ்ரில் ஒன்று
தன்னை எவரும் கூப்பிடாத பழக்கத்தில்
இன்னும் கிடக்கிறது. மழையில் நனைகிறது.
அன்று என் முக்காலியின் ஒரு கால்
அதன் மேலேயே ஊன்றியிருந்திருக்கலாம்.
வழுக்குகிறதே என்று நகர்த்தி வைத்தது
நினைவிருக்கிறது.